பிரிக்காத புத்தகங்கள்

அந்தத் தெருவில் முதலில் போனது செருப்புக் கடை. அடுத்தது வாட்ச் ரிப்பேர் கடை. மூன்றாவதாகப் பேனாவும் நோட்டும் விற்றுக்கொண்டிருந்த கடையும் போனதும், மிச்சமிருந்த கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நேருக்கு நேர் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அடுத்தது யார் என்கிற கணக்கு எல்லார் மண்டைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. அதை எதிராளி நம் கண்ணில் பார்த்துவிடுவானோ என்று பயம்.

போன கடைகளின் இடத்தில் வேறு கடை வந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். வந்தது பெட்டி. சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கதவு, கதவுக்கு ஒரு பச்சை விளக்கு. ஆள் கிடையாது, கல்லா கிடையாது, உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. காலையில் ஒரு வண்டி வந்து பொட்டலங்களைத் திணித்துவிட்டுப் போகும். அப்புறம் நாள் முழுக்க ஜனங்கள் வருவார்கள், போனைக் காட்டுவார்கள், டக்கென்று ஒரு கதவு திறக்கும், பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். 'என்ன, ரொம்ப நாளா ஆளைக் காணோம்?' என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை.

அந்த டக் சத்தம் கேட்கும்போதெல்லாம் கவர் அண்ணன் கைவேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அவருடைய காமிக்ஸ் கடைக்கு இடது பக்கம் பெட்டி, எதிரே பெட்டி. வலது பக்கம் ஒரு தையல் கடை மட்டும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் தெரு ஓய்ந்து கிடக்கும்போது, யாரும் வராமலே சில சமயம் ஒரு பெட்டி தானாகத் திறந்து மூடிக்கொள்ளும். அதெல்லாம் மெஷினின் பழக்கம் என்று சொன்னார்கள். அண்ணனுக்கு என்னவோ, யாரோ உள்ளே இருந்துகொண்டு எட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

கவர் அண்ணன் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. மாதா மாதம் புதுப் புத்தகக் கட்டு வந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு பிரதிக்கும் முதுகுப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை வைப்பார். அப்படியே கண்ணாடிக் கவருக்குள் இறக்குவார், ஒரு மூலையும் மடங்காது. மேல் மடிப்பில் ஒரு துண்டு டேப். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றுகிற நர்ஸுக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது. கவர் போட்ட புத்தகம் பின்சுவரில் இருக்கும் மர அறைகளுக்குப் போகும். வாடிக்கையாளர் ஒருவருக்கு ஓர் அறை, அறைக்கு மேலே அவருடைய பட்டப்பெயர். எப்போது வந்தாலும் அவருடைய புத்தகம் அவருக்காகக் காத்திருக்கும். அதுதான் அந்தக் கடையின் வழக்கம், பெருமை, பிழைப்பு எல்லாம்.

கவரைப் பிரிக்கக் கூடாது. அது எழுதி வைக்காத சட்டம். பிரித்த புத்தகத்தின் மதிப்பு பாதியாகிவிடும், விரல் ரேகை பட்டால் அதிலும் பாதி. வாடிக்கையாளர்கள் கவரை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, அட்டையின் நாலு மூலையையும் பார்த்து, 'ஆஹா' என்று சொல்லி, பைக்குள் வைத்து எடுத்துப் போவார்கள். ஒல்லியாக ஒருவர் இருந்தார், ஜோடிப்புறா என்று பெயர். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவார். ஒன்று பத்திரமாக வைத்துக்கொள்ள. இன்னொன்று எதற்கென்று கேட்டால், அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான்.

அந்த வருஷம் எல்லார் வாயிலும் இருந்தது 'பதினோராம் சுரங்கம்' என்ற தொடர். மாதம் ஒரு பாகம், மொத்தம் பன்னிரண்டு. இடிந்துபோன ஒரு சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களைத் தேடி, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ஒருவன் தனியாக இறங்குகிறான். திரும்பி வருவானா, மாட்டானா? அதுதான் கதை. அண்ணன் இதை ஏற்ற இறக்கத்தோடு சொல்வார், கேட்பவருக்குக் கை சில்லிட்டுவிடும். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் படித்தது முதல் சில பாகங்கள்தான். அப்புறம் வாடகைக் கவலை, மூடுகிற கடைகளின் கவலை. பின்னட்டையில் போட்டிருக்கும் நாலு வரிக் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு மிச்சத்தைத் தன் கைச்சரக்கிலிருந்து சேர்த்துக்கொள்வார். அவருடைய சொந்தப் பிரதிகளும் கவருக்குள்தான் இருந்தன. பிரிக்க மனசு வருமா?

இப்போது அவர் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. கட்டடச் சொந்தக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பெரிய முன்பணம் கேட்டார். அது அண்ணனிடம் இல்லை, மனைவியிடம் இருந்தது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிற வேலை அந்த அம்மாளுக்கு. சொந்தமாக ஒரு வீடு வாங்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். இடையில் மூக்கை நுழைத்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. இடம் பார்த்துக் கொடுக்கிற புரோக்கர். பெட்டிக் கம்பெனிக்காரர்கள் அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் அவன் கடைக்குள் வந்து, கேட்காமல் கொள்ளாமல் டேப்பை இழுத்துப் பின்சுவரை அளந்தான்.

"என்ன மாப்ளே, சவப்பெட்டிக்கு அளவு எடுக்கிறியா?" என்றார் அண்ணன்.

"ஏன் மாமா இப்படிப் பேசுறீங்க? நல்லதுக்குத்தான் சொல்றேன். முன்பணத்தைக் கம்பெனியே கட்டிடும், மாசா மாசம் வாடகை மாதிரி ஒரு தொகை உங்க கைக்கு வரும். நீங்க வீட்ல காலை நீட்டி உக்காரலாம்." அவன் மர அறைகளைத் தட்டிப் பார்த்தான். "உங்க கடையில ஏற்கெனவே பெட்டி இருக்கே! மரத்தை எடுத்துட்டு இரும்பை வெக்கணும், அவ்வளவுதான் வேலை."

"அதுவும் இதுவும் ஒண்ணாடா? இது கடை. இங்க ஆளுங்க கதைக்காக உயிரை விடுறாங்க."

"விடட்டும் மாமா. நான் வேணாம்னா சொன்னேன்?" என்று டேப்பைச் சர்ரென்று சுருட்டிக்கொண்டு போனான். போகும்போது கம்பெனியின் கார்டு ஒன்றைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனான். அண்ணன் அதைக் கிழித்துப்போட எடுத்தார். என்ன தோன்றியதோ, டிராயருக்குள் போட்டார்.

மனைவி கத்துகிற ரகமில்லை. அதுதான் சிக்கலே. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். "நான் பணம் தர மாட்டேன்னு சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க கடையில வாங்கறவங்க இதைப் படிக்கிறாங்களா, இல்ல சேர்த்து வெக்கிறாங்களா?"

"என்ன கேள்வி இது? படிக்காம யாராவது வருஷக்கணக்கா வாங்குவாங்களா?"

"எங்க லேப்ல ரத்தத்தைக் குடுத்துட்டு, ரிசல்ட் வாங்கவே வராதவங்க எவ்வளவு பேர் தெரியுமா? குடுத்தாச்சு, கடமை முடிஞ்சதுன்னு போயிடுவாங்க. படிக்கிறவங்கன்னா நாளைக்கும் வருவாங்க. சேர்த்து வெக்கிறவங்க அலமாரி நிறைஞ்சதும் நின்னுடுவாங்க."

"கடைசி பாகம் வரட்டும். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் கூப்பிடறேன். நீயே வந்து பாரு, அப்புறம் சொல்லு" என்றார் அண்ணன். மனைவி சரியென்றார். சனிக்கிழமை பார்த்த பிறகு பணம், அல்லது பெட்டி. அவ்வளவில் பேச்சு முடிந்தது.

இந்த இடத்தில் பஸ்காரம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் கதைக்குத் துரோகம்.

அந்த அம்மாள் நகரப் பேருந்து ஓட்டுபவர். கனத்த தோள், காக்கிச் சட்டை, எப்போதும் அவசரம். மர அறை எதுவும் அவருக்குக் கிடையாது. கட்டு வந்த நாளன்று வேலைக்குப் போகும் வழியில் நுழைவார். "அண்ணே, அந்தக் கவரெல்லாம் எனக்கு எதுக்கு? அப்படியே குடுங்க" என்று கவர் போடாத பிரதியாகக் கேட்டு வாங்குவார். கடையில் நின்றபடியே முதல் ரெண்டு பக்கத்தைப் படிப்பார். அப்புறம் புத்தகத்தைக் குழலாகச் சுருட்டி, ஆமாம், சுருட்டி, கைப்பைக்குள் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் செருகுவார். அதைப் பார்த்த ஜோடிப்புறா ஒருமுறை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மூன்று மாதம் முன்னால், ஒன்பதாம் பாகம் வந்த வாரம், பஸ்காரம்மா திரும்ப வந்தார். கையில் இரண்டு புத்தகம், இரண்டும் கசங்கல். கடையில் அப்போது தோல் டாக்டர் சார் இருந்தார். கடையிலேயே பெரிய அறை அவருடையது.

"அண்ணே, இதைப் பாருங்க. போன மாசம் வந்ததேதான் இந்த மாசமும் வந்திருக்கு. அட்டை மட்டும்தான் வேற. அந்த ஆளு மறுபடியும் அதே ஏணியில இறங்கறான்."

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்பாடு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். "தங்கச்சி, இது சாதாரணக் கதை இல்ல. உள்ள மாட்டிக்கிட்டவனுக்குக் காலம் நகருமா? சுத்திச் சுத்தி அதே இடத்துக்குத்தான் வரும். எழுதினவரு வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காரு."

"ஒரு வார்த்தைகூட மாறலையேண்ணே?"

"அதுதானே மேடம் டெக்னிக்கே" என்றார் டாக்டர் சார், கவரை வெளிச்சத்தில் திருப்பியபடி. "கொஞ்சம் ஊன்றிப் படிக்கணும்."

அண்ணனும் டாக்டர் சாரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். பஸ்காரம்மா அதைக் கவனித்தார். அடுத்த மாதம் ஒருமுறை வந்து, பத்தாம் பாகத்தை அங்கேயே புரட்டிப் பார்த்தார். "இதுலயும் இறங்கிட்டேதான் இருக்கான்" என்றார். "சரிண்ணே. எனக்குத்தான் விளங்கலைன்னு வெச்சுக்குங்க." பணத்தைக் கொடுத்துவிட்டு, புத்தகத்தைக் கல்லாமேலேயே விட்டுவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை. அண்ணன் அந்தப் பிரதிக்கும் ஒரு கவர் போட்டு ரேக்கில் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. கடைசி பாகம் வந்திருந்தது. அட்டையில் சுரங்க வாசல், அதில் ஒரு நிழல். அது வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று சொல்ல முடியாத மாதிரி வரைந்திருந்தார்கள். அண்ணன் காலையிலிருந்து கவர் போட்டார். கடையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். எதிர்ப்பக்கம் பச்சை விளக்குகள் வரிசையாக இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. தையல் கடையில் அன்றைக்கு மெஷின் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், தையல்காரர் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார், ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர் போல.

சாயங்காலம் கூட்டம் வந்தது. நிஜமாகவே வந்தது! டாக்டர் சார், ஜோடிப்புறா, ஆடிட்டர், இன்னும் எத்தனையோ பேர். நிற்க இடமில்லை. ஒவ்வொருவரும் அவரவர் அறையில் கைவிட்டு எடுத்து, விளக்கில் தூக்கிப் பார்த்து, அட்டையைப் போட்டோ எடுத்தார்கள். அண்ணனுக்குப் பூரிப்பில் கண் கலங்கிவிட்டது. மனைவி லேபிலிருந்து நேராக வந்திருந்தார். எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கூட்டத்தைக் கவனித்தார். அவர் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. மச்சினன் வாசலில் சாய்ந்து நின்றான்.

"என்ன சொல்ற?" என்று அண்ணன் மனைவியின் காதோரம் கேட்டார்.

"நான் நினைச்சதைவிட அதிகமாத்தான் இருக்காங்க" என்றார் மனைவி. அது அவர் வாயிலிருந்து வந்தால் சம்மதம் என்று அர்த்தம். அண்ணனுக்கு ஒரு நிமிஷம் மூச்சு சீராக வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். மனைவி அவ்வளவு நேரமாக அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஆசையாகத்தான் கேட்டார். "ஏங்க, அந்த ஆளு கடைசியில வெளிய வந்தானா இல்லையா?"

எதிர்ச் சாரியில் ஒரு பெட்டி டக்கென்று திறந்தது எல்லார் காதிலும் விழுந்தது.

"இப்பதானே மேடம் கைக்கு வந்திருக்கு" என்றார் ஆடிட்டர்.

"சரி, போன மாசம் எதுல நின்னுச்சு? அதையாவது சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கறேன்."

டாக்டர் சார் தொண்டையைச் செருமினார். "நான் மொத்தமும் வந்தப்புறம் ஒரே மூச்சுல உக்காந்து படிக்கலாம்னு..." ஜோடிப்புறா கையிலிருந்த இரண்டு கவரையும் பார்த்தார். இன்னொருவர் சஸ்பென்ஸை உடைக்கக் கூடாது என்றார். இன்னொருவர் டீ நன்றாக இருப்பதாகச் சொன்னார். மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் தன் புருஷன் முகத்தில் நிறுத்தினார்.

"உங்களுக்காவது தெரியுமா?"

அண்ணன் வாயைத் திறந்தார். பின்னட்டையில் இருந்த நாலு வரிகூட அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

மனைவி கல்லாமேல் இருந்த கத்திரிக்கோலை எடுத்தார். ரேக்கிலிருந்து கடைசி பாகத்தை எடுத்து, லேபில் குப்பியின் மூடியைத் திறக்கிற அதே நிதானத்தோடு டேப்பை வெட்டினார். கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். மனைவி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பாதியில் நிமிர்ந்தார்.

"இது கடைசி பாகமா? இப்பத்தான் ஏணியில இறங்கவே ஆரம்பிக்கிறான்."

அண்ணன் கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்தது. ஏணி. அவர் ரேக்குக்குப் பாய்ந்து பதினொன்றை எடுத்துக் கவரைக் கிழித்தார். ஏணி. பஸ்காரம்மா விட்டுவிட்டுப் போன பத்தாம் பாகத்தைக் கிழித்தார். ஏணி. ஒன்பது, ஏணி. நாலிலும் உள்ளே இருந்தது எட்டாம் பாகம்தான். அதே விளக்கு, அதே இருட்டு, அதே ஆள், அதே படியில் கால் வைக்கிறான். நாலு மாதமாகக் கட்டுக் கட்டாக வந்து, அவர் கையாலேயே கவர் போட்டு, அவர் கையாலேயே விற்று, இத்தனை பேர் வீட்டு அலமாரிக்குப் போன புத்தகம்.

அண்ணனுக்கு முதலில் வந்தது வெட்கம். இத்தனை பேரும் இப்போது கொதிப்பார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், திட்டுவார்கள் என்று நினைத்தார். திட்டினால் நல்லது என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஏமாந்தவனுக்குத்தானே கோபம் வரும்? கோபம் வந்தால் அவர்களுக்கு இது வேண்டியிருந்தது என்று அர்த்தமாகும்.

"அப்படின்னா..." என்று இழுத்தார் ஆடிட்டர். அவர் கண் பளபளத்தது. "நாலு பாகமும் தப்பா அச்சானதா?"

"யோவ், தப்பா அச்சான பிரதிக்கு வெளியில என்ன விலை தெரியுமா?" என்றார் டாக்டர் சார். தன் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "யாரும் பிரிச்சிடாதீங்க! பிரிக்காம இருந்தாத்தான்!"

அவ்வளவுதான். ஒரே கூச்சல், ஒரே கும்மாளம். ஜோடிப்புறாவை எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். அந்த மனுஷனிடம் எல்லாமே ரெண்டு ரெண்டு. ரேக்கில் மிச்சமிருந்த பிரதிகளுக்குத் தள்ளுமுள்ளு. அண்ணன் கிழித்துப்போட்ட மூன்று புத்தகங்களைப் பார்த்து, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல உச்சுக்கொட்டினார்கள். "அவசரப்பட்டுட்டீங்களே அண்ணே!" சுரங்கத்துக்குள் போனவன் என்ன ஆனான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்கவில்லை. கையில் அமுக்கிப் பிடித்த கவர்களோடு எல்லாரும் சீக்கிரமாகவே கிளம்பிவிட்டார்கள். போகிறவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு அண்ணன் நின்றார். கதவு திறந்தது, பொட்டலத்தை எடுத்தார்கள், போய்விட்டார்கள். எதிர்ச் சாரியிலும் அதே நேரத்தில் அதேதான் நடந்துகொண்டிருந்தது.

மச்சினன் ஏதாவது குத்திச் சொல்லியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார். தரையில் கிடந்த கவர்த் துண்டுகளை அவன் குனிந்து பொறுக்கினான். மனைவி கிழிந்த புத்தகத்தை மூடிக் கல்லாமேல் வைத்தார். "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றார். பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் பதிப்பகத்துக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் மணி அடித்தது. கடைசியில் ஓர் ஆள் எடுத்தார். பின்னால் சாமான்களை இழுக்கிற சத்தம் கேட்டது.

"நீங்க சொல்றது சரிதான் சார்" என்றார் அந்த ஆள், கொஞ்சங்கூடத் தயங்காமல். "தெரிஞ்சேதான் பண்ணாங்க. தொடரை நிறுத்தணும்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. யாரும் படிக்கிறதில்ல, அட்டைக்குத்தான் வாங்கறாங்க, பழைய பக்கத்தையே போட்டுப் பாருங்க, எவன் கேக்கறான் பார்ப்போம்னாங்க. நாங்க ஒண்ணு ரெண்டு பேர் சண்டை போட்டோம் சார். கேப்பாங்க, கண்டிப்பாக் கேப்பாங்கன்னு. ஒரு கடையில இருந்து ஒரே ஒரு புகார் வந்திருந்தாப் போதும், அதை எடுத்துக்கிட்டுப் போய் மேசையில போட்டு, நிறுத்தாதீங்கன்னு கேட்டிருப்போம்."

"ஒண்ணுகூட வரலையா?"

"எந்தக் கடையில இருந்தும் வரல சார். நாலு மாசம் போனையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

அண்ணன் போனைக் காதிலேயே வைத்திருந்தார். ஒரு புகார் வந்திருந்தது. கசங்கிப்போன இரண்டு புத்தகத்தோடு, வேலைக்குப் போகிற அவசரத்தில் நேராக அவரிடம் வந்திருந்தது. அவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

"சார், அந்தக் கடைசி நாலு பாகம்? எழுதினவர்கிட்ட இருக்குமே?"

"அவர் எழுதலையே சார். எட்டோட நிறுத்தச் சொல்லிட்டாங்க. அவரும் வேற வேலைக்குப் போயிட்டார். சரி சார், லாரி வந்திருக்கு, வெச்சிடறேன்."

டிராயருக்குள் கிடந்த கார்டை எடுத்து, அண்ணன் மச்சினனுக்கு அவரே போன் போட்டார்.

மர அறைகளைக் கழற்ற ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. ஆணியைப் பிடுங்கும்போது மரம் கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். இரும்பு வந்து நின்றது. மச்சினன் அளவு எடுத்தது துளியும் பிசகவில்லை, சுவரோடு சுவராகப் பொருந்திவிட்டது. விளக்குகள் எரிந்தபோது அண்ணன் தெருவின் அந்தப் பக்கம் நின்று பார்த்தார். இரண்டு சாரியும் இப்போது ஒரே பச்சை. சாயங்காலம் டாக்டர் சார் வந்தார், போனைக் காட்டினார், ஒரு கதவு திறந்தது. தட்டையான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பினார். அண்ணன் கையைத் தூக்கினார். டாக்டர் சார் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் பல நாள் அண்ணன் வேலை வெட்டி இல்லாமல் ஊரைச் சுற்றினார். வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டார். உண்மையில் வருகிற பேருந்திலெல்லாம் டிரைவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்காரம்மாவின் பெயர் அவருக்குத் தெரியாது. அறை வைத்திருந்தால் ஒரு பட்டப்பெயராவது இருந்திருக்கும். ஒரு மழை நாளில் கடைசி நிறுத்தத்தில் கிளம்பக் காத்திருந்த வண்டியில் அந்தக் கனத்த தோளைக் கண்டார். ஏறிப் போய் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நான் காமிக்ஸ் கடைக்காரன்."

பஸ்காரம்மா திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரிய ஒரு விநாடி ஆனது. "அட, நீங்களா? கடையைத்தான் மூடிட்டீங்களே. நேத்து அந்த வழியாத்தான் போனேன். இருட்டுல பச்சை பச்சையா என்னமோ எரியுது."

"நீங்க அன்னைக்குச் சொன்னது சரிம்மா. அது டெக்னிக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. பழைய பக்கத்தையே அடிச்சு அனுப்பியிருக்கானுங்க. உங்களுக்கு விளங்கினதுதான் எங்க யாருக்கும் விளங்கல. நான் சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

பஸ்காரம்மா கோபித்துக்கொள்ளவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. அந்தப் பேச்செல்லாம் வேண்டாம் என்பது போலக் கையை அசைத்துவிட்டு, சீட்டிலிருந்து முழுதாகத் திரும்பினார்.

"அது கிடக்கட்டும்ணே. சரியான புத்தகம் வந்துச்சா? அந்த ஆளு வெளிய வந்தானா?"

எத்தனை வருஷமாக ஒரு வாடிக்கையாளர் வாயிலிருந்து அவர் கேட்க ஏங்கிய மாதிரிக் கேள்வி அது! கடை நிறைய ஆள் நின்ற அன்று மனைவியைத் தவிர யாரும் கேட்காத கேள்வி. அண்ணன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா. எட்டோட சரி. மிச்சத்தை யாரும் எழுதவே இல்லயாம். யாரும் கேக்கலைன்னு நிறுத்திட்டாங்க."

"நான் கேட்டேனே" என்றார் பஸ்காரம்மா.

நேரம் ஆகிவிட்டது. பஸ்காரம்மா முன்னால் திரும்பி வண்டியைக் கிளப்பினார். கதவுகள் மூடிக்கொண்டன, வைப்பர் கண்ணாடியை வழித்தது. அண்ணனின் பழைய தெருமுனை வந்தபோது மழைக்குள் பச்சை விளக்குகள் இருபக்கமும் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு மனுஷர்கூட இல்லை. பஸ்காரம்மா தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"அப்ப அவன் இன்னும் உள்ளதான் இருக்கானாண்ணே?"